எல்லாம் பச்சையாக இருந்த நாள்

பூ மார்க்கெட்டுக்காக நாங்கள் செய்த சிஸ்டம் முதல் நாளே படுத்துவிட்டது.

அது ஓர் ஈவென்ட் பிளாட்பாரம்; பெரிய வித்தையில்லை. ஒரு சங்கதி நடந்தால் அது அடுத்த சர்வீஸைத் தானே எழுப்பிவிடும். விவசாயி ஆப்பில் பூவின் எடையைப் போட்டதும் வேன் சர்வீஸ் வேனை ஒதுக்கும். உடனே போன் சர்வீஸ் விவசாயியை அழைத்து, ‘வேன் வரலாமா?’ என்று கேட்கும். எடுத்தால் வேன் கிளம்பும், கட் செய்தால் ரத்து. இதை விளக்க எங்கள் பெங்களூர் மேனேஜர் ஒரு பகல் முழுக்க ஸ்லைடு போட்டார்.

முதல் நாள் எல்லோருமே கட் செய்தார்கள். ஒரு வேனும் போகவில்லை. பனவடலிசத்திரத்தில் மல்லிகை போட்டிருக்கும் செல்லம்மாள், கூடையோடு பஸ் ஏறி வந்து மார்க்கெட்டில் என்னைப் பிடித்துக்கொண்டார். ஏலம் முடிந்திருந்தது.

“ஏன் தம்பி, வண்டி எங்க? பூவெல்லாம் விரிஞ்சு போச்சு. இனி இத எவன் கேப்பான்?”

“நீங்கதானக்கா போனக் கட் பண்ணுனீங்க?”

“பின்ன? கட் பண்ணுனா ‘சரி, வா’ன்னுதான அர்த்தம்? ஏதாவது வில்லங்கம்னாத்தான் எடுத்துப் பேசுவோம்.”

ஊருக்கே தெரிந்த இந்தச் சேதி ஸ்லைடில் மட்டும் இல்லை.

அன்றே விதியைத் திருப்பிப் போட்டேன். கட் செய்தால் வேன் போகும், எடுத்தால் அழைப்பு எனக்கு வரும். மறுநாளிலிருந்து பூ நேரத்துக்கு வந்தது. ஆனால் டாஷ்போர்டு, கட் ஆன அழைப்பையெல்லாம் தோல்வி என்று சிவப்பில் காட்டியது. மேனேஜர் அலறினார்.

“முழுக்க ஃபெயிலியர்! யூசருங்களுக்கு ட்ரெய்னிங் கொடுங்க.”

“சார், பூ ஒழுங்கா வருது.”

“பூவை விடுங்க, ஸ்க்ரீனைப் பாருங்க.”

பிறகு ஒருநாள் மேலநீலிதநல்லூர் பக்கம் வேன் ஆக்ஸில் உடைந்து நின்றது. வேன் தாமதம் என்று சிஸ்டம் எல்லோருக்கும் போன் போட்டது. வேனைக் காணாத கடுப்பில் எல்லோரும் எடுத்துத் திட்டினார்கள். எடுத்த அழைப்பெல்லாம் வெற்றி என்று டாஷ்போர்டு முழுக்கப் பச்சை.

மேனேஜர் அழைத்தார். “சூப்பர்! இன்னைக்குத்தான் சிஸ்டம் ஒழுங்கா ஓடுது. கிளையன்ட்டுக்கு ஸ்க்ரீன்ஷாட் அனுப்பிட்டேன்.”

இன்னொரு போனில் செல்லம்மாள். “தம்பி, வெயில் ஏறுது. இன்னைக்கும் பூவக் குப்பையிலதான் கொட்டணுமா?”

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மேனேஜர் பேசிக்கொண்டே இருக்க, “அங்கனயே நில்லுங்கக்கா, லோடு ஆட்டோ அனுப்புதேன்” என்றேன். தெரிந்த டிரைவரைக் கூப்பிட்டேன். ஏலம் முடிவதற்குள் கூடை தராசுக்கு வந்துவிட்டது.

அந்த ஸ்க்ரீன்ஷாட் இப்போது எங்கள் ஆபீஸ் வரவேற்பறையில் கண்ணாடிச் சட்டத்துக்குள் தொங்குகிறது. புதிதாகச் சேருகிறவர்கள் அதை அண்ணாந்து பார்த்து வியக்கும்போது, திரையைப் பார்க்கும் முன் தராசைப் பாருங்கள் என்று சொல்லிவைக்கிறேன். அன்றைக்குப் பூவைக் கொண்டுவந்த லோடு ஆட்டோ எங்கள் சிஸ்டத்தில் எங்குமே இல்லை.