குண்டுக்குள் இருந்த மஞ்சள்

வெள்ளைக்காரர் காலத்துப் பெரிய யுத்தத்தில் எங்கள் நெசவுக்கு வந்த பெரிய கேடு, சாயம் கிடைக்காததுதான். நூல் எப்படியோ கொஞ்சம் கிடைத்தது. சாயம் வரும் கப்பல்கள் நின்றுபோயின. வெள்ளைத் துணியையே நெய்து நெய்து என் கணவருக்கு விசர் பிடிக்காத குறை. அவருக்கு உயிர் என்றால் நிறம்தான். நான் அதற்கு அடுத்தபடி என்பதைக் கல்யாணமான மாதமே தெரிந்துகொண்டேன்.

ஒருநாள் காலையில் வாவிக்கரைக்குப் போனவர், சால்வையில் எதையோ முடிந்துகொண்டு ஓட்டமும் நடையுமாக வந்தார். அவிழ்த்தால் பளீரென்று மஞ்சள் கட்டிகள். முந்திய நாள் பட்டாளத்தார் பீரங்கி சுட்டுப் பழகினார்கள். அதில் ஒரு குண்டு சரியாக வெடிக்காமல் கரைச் சேற்றில் பிளந்து கிடந்ததாம். சுற்றியிருந்த புல்லெல்லாம் மஞ்சளாம்.

“சாயம் புள்ள! வெள்ளக்காரன் குண்டுக்குள்ள சாயத்த வெச்சி அடிக்கான்!”

“அவனுக்கென்ன விசரா?”

அவர் காதில் வாங்கவில்லை. எங்கள் ஆட்கள் எந்தச் சாயத்தையும் நாக்கில் தொட்டுப் பார்த்துத்தான் தரம் சொல்வார்கள். இவரும் ஒரு துளி தொட்டு வைத்தார். முகம் கோணிப்போனது.

“வேம்பு தோத்திரும். இவ்வளவு கசந்தா நல்லாப் புடிக்கும்,” என்று தீர்ப்புச் சொன்னார்.

கட்டிகளைச் செம்புக் கிடாரத்தில் போட்டுத் தண்ணீர் விட்டு, அடுப்பை மூட்டச் சொன்னார். நானும் விறகை எடுத்துவிட்டேன். அப்போது பார்த்து, “மொதச் சீல ராத்தாவுக்கு,” என்றார். ராத்தா அவருடைய மூத்த சகோதரி, எனக்கு மதினி. நல்லதெல்லாம் முதலில் அங்கேதான் போகும். எனக்குச் சுர்ரென்று ஏறியது. அந்த வீடு எனக்குச் சீதனமாக வந்தது. அடுப்பும் என்னுடையது.

“அப்ப ராத்தாட அடுப்புல காச்சுங்க!” என்று விறகைக் கீழே போட்டேன்.

கெஞ்சினார், முறைத்தார். நான் அசையவில்லை. கடைசியில் பச்சைத் தண்ணீரிலேயே நூலை ஊறவைத்தார்.

பின்னேரம் அலசினால் பருத்தி நூல் போன மாதிரியே வெள்ளையாகத் திரும்பி வந்தது. முழங்கைவரை அவருடைய இரண்டு கைகளும், நாக்கு நுனியும்தான் மஞ்சள். தேசிக்காய்ப் புளி பிழிந்து தேய்த்தும் போகவில்லை, சவுக்காரத்துக்கும் மசியவில்லை.

“சாயம் நல்ல சாயம்தான். நூலவிட நீங்க நல்லாப் புடிச்சிரிக்கிறீங்க,” என்றேன்.

மறுநாள் ஊர்த்தலைவர் விதானையார் ஒரு பட்டாளத்து அதிகாரியைக் கூட்டிக்கொண்டு, பிளந்து கிடந்த குண்டைத் தொட்டது யார் என்று கேட்டு வீடு வீடாக வந்தார். எங்களிடம் விசாரணைக்கே வேலை இருக்கவில்லை. என் கணவர் சலாம் சொல்லக் கையைத் தூக்கியதோடு எல்லாம் முடிந்தது. கிடாரத்தைக் கண்ட அதிகாரி முகம் வெளுத்து, எங்கள் எல்லோரையும் தெருவுக்கு விரட்டினார்.

விதானையார்தான் விளங்கப்படுத்தினார். “அது சாயமில்ல, குண்டுட மருந்து. அடுப்புல ஏத்தி வத்த உட்டிருந்தா ஊட்டோட போயிருப்பீங்க.”

நான் தெருவிலேயே குந்திவிட்டேன். விறகு என் கையில் இருந்ததே என்று நினைத்து நினைத்து அழுதேன்.

என் கணவருக்கோ பெருமை தாங்கவில்லை. “இவளுக்கு அப்பவே விளங்கிட்டு. இவதான் தடுத்தவ,” என்று ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார். கேள்விப்பட்ட மதினி அரக்கப்பரக்க ஓடி வந்து என்னைக் கட்டிப்பிடித்தார்.

“என்ட தம்பிட உசிரக் காப்பாத்திட்டாய் புள்ள!” என்று தேம்பினார்.

மதினி மேலிருந்த எரிச்சலில்தான் தடுத்தேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அவரை இறுகக் கட்டிக்கொண்டு அழுதேன்.