உத்தனப்பள்ளிக்கு ஒரு பொட்டலம் ரொட்டி

சித்திரை வெயிலில் பெங்களூரிலிருந்து உத்தனப்பள்ளிக்கு யாரும் ஆசைப்பட்டுப் போகமாட்டார்கள். நானும் அப்படிப் போகவில்லை. என் தம்பி கோவிந்தன் கூப்பிட்டிருந்தான். எங்கள் அம்மா இறந்தபோது எனக்காகக் காத்திராமல் கொள்ளி வைத்தவன் அவன். மதியப் பஸ்ஸில் போய் இறங்கிய மூத்த மகன் பார்த்தது புகையைத்தான். அதன் பிறகு நான்கு வருடமாக அந்த வீட்டுப் படி ஏறவில்லை. போன வாரம் ஒரு புளி வியாபாரியிடம் சொல்லியனுப்பியிருந்தான்: "வெயில் தாங்கல. அண்ணன வந்து அந்த ரொட்டி சாலட்ட செஞ்சு குடுக்கச் சொல்லுங்க."

போர்க்காலத்தில் பெங்களூரில் இத்தாலியப் போர்க்கைதிகளின் முகாம் ஒன்றில் நான் எழுத்தராக இருந்தேன். அங்கே ஒரு கைதி சமைப்பதைப் பார்த்துக் கற்றது அந்தச் சாலட். அப்போது என் அறையில் தங்கிப் படித்த கோவிந்தன் கோடை முழுவதும் அதையே கேட்பான். இப்போது அதைச் சொல்லி என்னோடு சமாதானமாகச் சுலபமான வழி கண்டுபிடித்திருக்கிறான் என்று நினைத்தேன். ஏன் காத்திருக்கவில்லை என்று முகத்துக்கு நேரே கேட்டுவிட்டு வரத்தான் கிளம்பினேன்.

காலை ஆறரைக்குக் கலாசிபாளையத்தில் பஸ். ஓசூருக்கு இருபத்தைந்து மைல், பன்னிரண்டு அணா. மைசூர் எல்லை தாண்டியதும் மதுவிலக்குச் சோதனை. போலீஸ்காரர் என் பையை முகர்ந்து பார்த்து ஏமாந்து போனார்.

"ரொட்டியா? யாருக்குங்க ஒடம்பு சரியில்ல?"

"யாருக்கும் இல்லை."

"அப்புறம் எதுக்கு ரொட்டி?"

இந்தப் பக்கத்தில் காய்ச்சல்காரனைத் தவிர யாரும் பேக்கரி ரொட்டி தின்பதில்லை. ஓசூரில் வெள்ளரிப்பிஞ்சும் தக்காளியும் வாங்கிக்கொண்டு இராயக்கோட்டை பஸ்ஸில் ஏறினேன். பத்து மைல், ஐந்து அணா. பக்கத்தில் உட்கார்ந்த அம்மாள் பொட்டலத்தைப் பார்த்தாள்.

"ஐயோ பாவம் சாமி. கஞ்சிகூட எறங்கலையா?"

"இது வெயிலுக்குச் சாப்பிடறதும்மா."

"வாயால சொல்ல மனசு வரல உங்களுக்கு. தெரியுது."

கண்டக்டர் திரும்பினார். "விடுக்கா, ஐயா வெயிலுக்கு ரொட்டி திங்கறாராம்!" பஸ்ஸே சிரித்தது. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

வாசலில் தம்பி மனைவி ருக்மணி நின்றிருந்தாள். "வாங்க மாமா. அவருதான் உங்ககிட்ட சொல்ல வேணாம்னுட்டாரு."

கயிற்றுக் கட்டிலில் பாதி ஆளாகக் கிடந்தான் கோவிந்தன். தொண்டையில் கட்டி. மோரைத் தவிர எதுவும் இறங்கி ஒரு மாதம் ஆகிறதாம். பஸ்ஸில் இருந்தவர்களுக்கெல்லாம் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை.

செய்முறை எளிது. முந்தின நாள் ரொட்டியைப் பிய்த்துத் தண்ணீரில் நனைத்துப் பிழிய வேண்டும். வெள்ளரி, தக்காளி, வெங்காயத்தைப் பொடியாக அரிந்து, உப்பு, எலுமிச்சைச் சாறு, கொஞ்சம் கடலை எண்ணெய் சேர்த்துக் கலந்து, ஈரத்துணி சுற்றிய மண்சட்டியில் அரைமணி வைத்தால் நன்றாகக் குளிர்ந்துவிடும். நான் வெங்காயத்தை எடுத்ததும் ருக்மணி, "எரியும் மாமா" என்றாள். எலுமிச்சையை எடுத்தேன். அதற்கும் வேண்டாம் என்று தலையாட்டினாள். தக்காளியையும் ஒதுக்கிவிட்டு, ரொட்டியையும் விதை நீக்கிய வெள்ளரியையும் மோரில் மசித்தோம்.

மூன்று கரண்டி விழுங்கினான். நான்காவது இறங்கவில்லை.

"பழைய ருசி இல்லியேண்ணா."

"உம் பொண்டாட்டி எதையும் போட விடலடா."

சிரிக்கப் போய் இருமினான். இருமல் அடங்கியதும் என் கையைப் பிடித்துக்கொண்டான்.

"இந்தத் தடவ நேரத்துக்கு வந்துட்டீங்கண்ணா."

கேட்க வந்த கேள்வியை நான் கேட்கவில்லை. மன்னித்துவிட்டேன் என்று எழுதவும் எனக்கு வரவில்லை. சாயங்காலம் நான் திரும்ப வேண்டிய பஸ் ஹாரன் அடித்துவிட்டுப் போயிற்று. நான் சட்டியில் மிச்சமிருந்ததைத் தின்றுகொண்டிருந்தேன். உப்பே இல்லை.

அந்தப் பக்கம் போகிறவர்கள் குடிதண்ணீர் எடுத்துச் செல்லுங்கள். ரொட்டியைப் பெங்களூரிலேயே வாங்கிவிடுங்கள். ஓசூரிலிருந்து காலையில் புறப்படும் பஸ்ஸைப் பிடியுங்கள். மதியப் பஸ் வேண்டாம். அது போய்ச் சேருவதற்குள் எல்லாம் முடிந்திருக்கும்.