அவசரப்பட்ட ஈரல் செல்கள்

பெங் வான்லிங்குக்குத் தலையாட்டத் தெரியாது. தைவானில், பூதாய்க் கடலோரத்தில் சிப்பி வளர்க்கும் வீட்டுப் பெண். மூலக்கூறு உயிரியல் முதுகலை படிக்க தைனானுக்கு வந்தவள். நான் அவளுக்கு இளையவன், அக்கா என்றுதான் கூப்பிடுவேன். அவள் பட்டம் வாங்கிப் போனதும் அவள் வளர்த்த செல்கள் எனக்கு வந்து சேரும். எங்கள் ஆய்வகங்களில் அதுதான் வழக்கம்.

அவை ஈரல் புற்றுநோய்ச் செல்கள். மகா சோம்பேறிகள். ஒரு தட்டை நிரப்ப ஒரு வாரத்துக்கு மேல் இழுத்தடிக்கும். போன குளிர்காலத்தில் என்ன வந்ததோ, மூன்றே நாளில் நிரம்பி வழிந்தன.

எங்களுக்கா காரணம் தெரியாது? செல் வளர்க்கும் பெட்டியின் தலையில் அப்போதுதான் புதிதாகப் பச்சை உறைச் சோளப்பொரிப் பொட்டலம் வைத்திருந்தோம். இயந்திரம் கோளாறு பண்ணாமல் அடங்கி நடக்க எங்கள் ஊரே செய்யும் சாங்கியம்தான். மஞ்சள் உறை ஆகாது, காலாவதியானது ஆகாது, பிரித்துத் தின்றால் கையை உடைப்பார்கள். மெத்தப் படித்த நாங்கள் எல்லோரும் அந்தப் பொட்டலத்துக்கு நன்றி சொன்னோம்.

வான்லிங் மட்டும் நுண்ணோக்கியை விட்டு எழுந்திருக்கவில்லை.

"டேய், இங்க வந்து பாரு. ஈரல் செல்லுன்னா கும்பலா ஒட்டிக்கிட்டு இருக்கும். இதுங்க தனித்தனியா நீட்டிக்கிட்டுக் கிடக்கு."

"நல்லாத்தானே வளருது, அக்கா."

"களையும்தான் நல்லா வளரும்."

மரபணுச் சோதனைக்கு அனுப்பினாள். பதில் வந்தது: ஈரல் செல்லே இல்லை, கருப்பைவாய்ப் புற்றுநோய்ச் செல். ஆய்வகத்தில் வளரும் இந்த இரண்டு வகைக்கும் ஒரே போத்தல் ஊட்டநீரை யாரோ பயன்படுத்தியிருக்கிறார்கள். வேகமாக வளர்ந்தது மெதுவாக வளர்ந்ததை விழுங்கிவிட்டது.

எங்கள் பேராசிரியர் கோ கெட்ட மனிதர் அல்ல, அவசரக்காரர். ஜூனில் அவளுக்கு வாய்மொழித் தேர்வு. அதற்குள் அவருடைய கட்டுரையும் போயாக வேண்டும். வெள்ளிக்கிழமைக் கூட்டத்தில், பன்றிக்கறிச் சோற்றுப் பெட்டிகள் பாதி தின்ற நிலையில் இருக்க, அவள் பழைய செல், இப்போதைய செல் என இரண்டு படங்களையும் திரையில் போட்டாள். அவர் சாப்பிடும் குச்சிகளைக் கீழே வைத்தார்.

"இப்ப எதுக்கும்மா இதைக் கிளறுற? முதல்ல பட்டத்தை வாங்கு. அப்புறம் யாராவது பார்த்துக்கட்டும்."

"யாராவதுன்னா இதோ, இவன்தான் சார்." என்னைக் கையால் காட்டினாள். "பொய்யான செல்லை இவன் தலையில கட்டிட்டு நான் போகமாட்டேன்."

"குளிர்காலத்துல இருந்து செஞ்சது அத்தனையும் வீண். ஜூன்ல பட்டம் கிடையாது. புரியுதா?"

"புரியுது சார். பட்டம் அடுத்த வருஷமும் குடுப்பீங்கல்ல?"

எனக்காக ஒருத்தி தன் வருடத்தைத் தூக்கி எறிந்தது அதுதான் முதல் தடவை. நன்றி சொல்லப் போய் அழுதுவிட்டேன். அதற்கும் அவளிடம் திட்டு வாங்கினேன்.

திங்களன்று அந்தத் தட்டுகள் அத்தனையிலும் பிளீச்சிங் நீரை ஊற்றினாள். திரவ நைட்ரஜன் தொட்டியில் கலப்புக்கு முன்பே உறையவைத்த பழைய ஈரல் செல் குப்பி ஒன்றை உருக்கி, முதலிலிருந்து தொடங்கினாள். கூடப் படித்தவர்கள் ஜூனில் அங்கி மாட்டிப் படம் எடுத்துக்கொண்டபோது அவள் கையுறை மாட்டிக்கொண்டிருந்தாள். பேராசிரியர் அவள் தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தார்.

"ஒரு வாரம் ஆச்சு. தட்டு இன்னும் பாதிகூட நிரம்பலையே?"

அவள் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"நிரம்பாது சார். இது ஈரல் செல்லு."