நான்கு மூலையிலும் மஞ்சள்

வியாழக்கிழமை சாயங்காலங்களில் விளக்கு துலக்குவது கஸ்தூரியின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். ஊறிய புளியைச் சாம்பலில் தோய்த்து, குழாயடிக் கல்லில் உட்கார்ந்து, காமாட்சி விளக்கை விரல் நுனியால் தேய்ப்பாள். அன்றைக்கு அவள் தேய்த்த விளக்கையே மறுபடியும் எடுத்துத் தேய்த்துக்கொண்டிருந்ததை எதிர்வீட்டுப் பச்சையம்மாள்தான் கவனித்தாள்.

"ஏண்டி, அத்த தேச்சிட்டல்ல? அம்மன் மொகமே அழிஞ்சிடப் போவுது."

"கறை போவலக்கா."

"கறை எங்க கீது? ஒன் நெனப்புதான் எங்கியோ கீது."

நினைப்பு திங்கட்கிழமையில் இருந்தது. திங்கட்கிழமை கஸ்தூரியின் மகள் அருணாதேவி சென்னைக்குப் போய், ஓவியக் கல்லூரியின் நுழைவுத் தேர்வில் உட்கார வேண்டும். நாலு வருடப் பட்டப் படிப்பு. தேர்ந்தெடுத்தால் அங்கேயே விடுதியில் தங்க வேண்டும்.

"பொம்ம போடறதுக்கு நாலு வருசம் காலேஜா?" ஒரு மாதமாகக் கேட்கும் கேள்வியைப் பச்சையம்மாள் அன்றைக்கும் கேட்டாள். "எங்க ஊட்டுப் பசங்க செவுத்துல ஓசியிலியே போடுதுங்க. அத்த அழிக்கறதுக்கு எனக்குத்தான் டிகிரி குடுக்கணும்."

கஸ்தூரி சிரித்தாள். சிரித்துவிட்டு அதே விளக்கை மூன்றாவது முறை கழுவினாள்.

அது 1998. கஸ்தூரிக்கு நாற்பத்திரண்டு வயது. அடி அண்ணாமலைப் பள்ளிக்கூடத்தில் சத்துணவு சமைக்கிறவள். நூற்று நாற்பது பிள்ளைகளுக்குச் சோறும் சாம்பாரும். பதினோரு வருடமாக ஒரு நாளும் அவள் சமையலில் குறை வந்ததில்லை. ஆனால் பதினோரு வருடமாக ஒவ்வொரு நாளும், அண்டாவில் பல்லி விழுந்திருக்குமோ என்று மூடியை மூன்று தடவை திறந்து பார்க்காமல் அவள் பரிமாற விட்டதில்லை. கணவர் ஆதிமூலம் அரசு பஸ்ஸில் கண்டக்டர். இரண்டு நாள் வண்டியோடு போவார், ஒரு நாள் வீட்டில் கிடந்து தூங்குவார். மூத்தவன் கலையரசன் பாலிடெக்னிக் முடித்து ஓசூரில் வேலைக்குப் போய்விட்டான். கார்த்திகைத் தீபத்துக்குத் தீபம் வருவான். வந்தால் இரண்டாம் நாள் காலையில் பையைத் தோளில் மாட்டிவிடுவான். மிச்சமிருந்தது அருணா. ராத்திரிச் சாப்பாட்டுக்குக் கூட உட்கார, ஜுரம் வந்தால் கஞ்சி வைக்க, ரேடியோவை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட, அவள் ஒருத்திதான்.

பிளஸ் டூவில் சுமாரான மார்க். ஆதிமூலம் ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தார். அருணா பேப்பரில் வந்த அறிவிப்பைக் கத்தரித்து, அந்த விண்ணப்பத்தின் மேலேயே வைத்தாள். இரண்டு நாள் வீட்டில் யாரும் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள் ஆதிமூலம்தான் வாயைத் திறந்தார்.

"ஒரே ஒரு தடவ. சீட்டு கெடச்சா போ. கெடைக்கலன்னா டீச்சர் ட்ரெயினிங். அப்பறம் அடுத்த வருசம் அது இதுன்னு வந்து நிக்கக் கூடாது."

"நிக்கமாட்டேம்ப்பா."

கஸ்தூரியை யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் என்ன சொல்லியிருப்பாள் என்று அவளுக்கே தெரியாது.

தேர்வுக்கு வருகிறவர்கள் தாங்கள் வரைந்த பன்னிரண்டு படங்களைக் கொண்டுவர வேண்டும் என்று நுழைவுச் சீட்டோடு வந்த தாளில் இருந்தது. அருணா ஒன்றரை மாதமாக வரைந்தாள். வரைந்ததில் பன்னிரண்டைப் பொறுக்கி, இரண்டு அட்டைகளுக்கு நடுவில் வைத்து, நாடாவால் கட்டி, பீரோவுக்கு மேல் ஏற்றி வைத்திருந்தாள்.

கஸ்தூரிக்கு ஒரு வழக்கம் உண்டு. வீட்டிலிருந்து ஒரு காரியமாக வெளியே போகிற எந்தக் காகிதமாக இருந்தாலும் நான்கு மூலையிலும் மஞ்சள் வைத்துத்தான் அனுப்புவாள். ஆதிமூலத்தின் மாற்றல் மனு, கேஸ் இணைப்புக்கு எழுதிப்போட்டது, ரேஷன் கார்டுக்கான படிவம், எல்லாம் அப்படித்தான் போயின. கலையரசனின் பாலிடெக்னிக் விண்ணப்பமும் மஞ்சளோடுதான் போயிற்று. பலித்தது. பலித்ததால்தான் அவன் ஓசூரில் இருக்கிறான்.

வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்துக்கு விடுமுறை. காலையில் அருணா பென்சில் வாங்க டவுனுக்குப் போயிருந்தாள். விளக்குகளுக்குப் பொட்டு வைக்கக் குழைத்த மஞ்சள் கிண்ணத்தில் மீதமிருந்தது. கஸ்தூரி ஸ்டூலைப் போட்டு ஏறி, படக் கட்டை இறக்கினாள். மேலட்டைக்கு மட்டும் வைப்பதாகத்தான் இருந்தாள். அட்டை புடவைப் பெட்டியின் மூடி. அதற்கு மஞ்சள் வைத்து என்ன பலன், போகப்போவது உள்ளே இருப்பதுதானே என்று தோன்றியது. நாடாவை அவிழ்த்தாள்.

பறங்கிக்காய். பஸ் நிலையம். ஜூன் மாதத்து மலை, பச்சையே இல்லாமல். பள்ளிக்கூடத்து அண்டா. ஆறாவது தாளில் அவளே இருந்தாள், அடுப்புக்கு முன்னால், முதுகைக் காட்டிக்கொண்டு. சரிந்த கொண்டை, ரவிக்கையின் கையில் விட்டுப்போன தையல், புகைக்கு ஒருபக்கமாகத் திருப்பிய கழுத்து. இவ்வளவையும் பார்க்க வேண்டுமென்றால் எத்தனை நேரம் பின்னால் நின்றிருக்க வேண்டும்? தன்னை யாரும் அவ்வளவு நேரம் பார்த்ததாகக் கஸ்தூரிக்கு நினைவில்லை. படம் நன்றாக இருக்கிறதா இல்லையா என்று சொல்ல அவளுக்குத் தெரியவில்லை. ஆனால் இதைப் பார்க்கிறவர்கள் இந்தப் பெண்ணை வைத்துக்கொள்வார்கள், திருப்பி அனுப்பமாட்டார்கள் என்று மட்டும் புரிந்தது.

ஒவ்வொரு தாளாக எடுத்து நான்கு மூலையிலும் மஞ்சளைத் தடவினாள். நடுவில் படாமல் பார்த்துத்தான் வைத்தாள். ஆனால் படங்கள் ஓரம் வரைக்கும் இருந்தன.

அதை எடுத்துக்கொண்டு கோயிலுக்குப் போனாள். உண்ணாமுலை அம்மன் சந்நிதியில் கூட்டம் கம்மி. குருக்கள் கட்டைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, கல்யாணப் பத்திரிகையா? இவ்ளோ பெருசா?" என்றார்.

"பொண்ணு படிப்புங்க சாமி."

அவர் அம்மன் காலடியில் வைத்து, மேலே ஒரு பூவை வைத்துத் திருப்பிக் கொடுத்தார். "நல்லா வேண்டிக்கோ."

கஸ்தூரி கண்ணை மூடினாள். கிடைக்கணும் தாயே, என்று ஆரம்பித்தாள். அடுத்ததாக வந்தது, கிடைக்காமப் போனாலும். அதற்கு மேல் சொல்லாமல் திடுக்கிட்டுக் கண்ணைத் திறந்துவிட்டாள். பின்னால் நின்றவள் நகரச் சொன்னாள். நகர்ந்துவிட்டாள். டவுன் பஸ்ஸில் வீடு வரும்வரைக்கும், அடுப்பை அணைக்காமல் வந்துவிட்ட மாதிரி இருந்தது.

சாயங்காலம் அருணா கட்டைப் பிரித்தாள். ஆதிமூலத்துக்கு அன்று ஓய்வு நாள்; பாயில் உட்கார்ந்து டீ குடித்துக்கொண்டிருந்தார். முதல் தாள், இரண்டாவது தாள். மூன்றாவதுக்குப் பிறகு அவள் வேகமாகப் புரட்டினாள்.

"ம்மா."

"இன்னா?"

"இது யாரு வச்சது?"

"நான்தான். வெளிய போற காயிதமில்ல? அம்மன் கால்ல வச்சி எடுத்தாந்தேன்."

"எல்லாத்துலயுமா?"

"ஒண்ணு உட்டு ஒண்ணு வைக்க முடியுமா?"

அருணா கத்தவில்லை. கத்தியிருந்தால் கஸ்தூரிக்குத் தேவலையாக இருந்திருக்கும். தாள்களைத் தரையில் வரிசையாகப் பரப்பினாள். பஸ் நிலையத்தின் ஓரத்தில் பூ விற்கிறவளின் முகம் மஞ்சளுக்குள் போயிருந்தது. மலையடிவாரம் ஒரு பக்கம் காணவில்லை. "நாப்பத்தெட்டு மூல," என்றாள் மெதுவாக.

"இதுக்கு இன்னாத்துக்கு மூஞ்ச தூக்கற?" ஆதிமூலம் எழுந்து போய்ச் சோப்புத் துணியோடு வந்தார். "தொடச்சா போயிடும்."

"சோப்பு வைக்காதீங்க! செவந்துடும்!" கஸ்தூரி கத்திக்கொண்டே ஓடிவருவதற்குள் அவர் ஒரு தாளின் மூலையை அழுத்தித் துடைத்துவிட்டார். மஞ்சள் ஆரத்தித் தண்ணீர் மாதிரிச் சிவந்தது. துடைக்கத் துடைக்கப் பரவியது. கையை எடுத்துவிட்டு, அவர் அப்போதுதான் படத்தைப் பார்த்தார். பாயில் ஒரு ஆள் மல்லாந்து கிடந்தார். ஆணியில் காக்கிச் சட்டை.

"இது நானா?"

"ம்."

"வாய தொறந்துக்கினா தூங்கறேன்?"

"தெனமும்," என்றாள் அருணா. யாரும் சிரிக்கவில்லை.

அவள் ஸ்கேலையும் பிளேடையும் எடுத்தாள், ஓரங்களை அறுத்துவிடலாம் என்று. பிறகு கல்லூரி அனுப்பிய தாளை எடுத்துப் படித்தாள். படங்கள் குறிப்பிட்ட அளவுக்குக் குறையக் கூடாது என்று அதில் போட்டிருந்தது. பிளேடைத் திரும்ப உறையில் போட்டாள். புதிதாகப் பன்னிரண்டு வரைய இரண்டு நாள் போதாது.

"தெரியாமத்தானம்மா வச்ச?"

"பின்ன, தெரிஞ்சா வப்பாங்க?" கஸ்தூரி சட்டென்று சொன்னாள். அவ்வளவு சட்டென்று சொல்லியிருக்க வேண்டாம் என்று பிறகு தோன்றியது.

திங்கட்கிழமை முதல் பஸ்ஸில் அப்பாவும் மகளும் போனார்கள். கஸ்தூரி பள்ளிக்கூடத்துக்குப் போய் உலை வைத்தாள். சாம்பாருக்கு உப்புப் போட்டாள். மூடியைத் திறந்து பல்லியைத் தேடினாள். மறுபடியும் உப்புப் போட்டாள். சத்துணவு அமைப்பாளர் வள்ளி ஒரு கரண்டி வாயில் ஊற்றிப் பார்த்துவிட்டு வெளியே ஓடித் துப்பினாள்.

"இன்னாக்கா, கடல்லேர்ந்து மொண்டாந்து ஊத்தினியா?"

"ரெண்டு தடவ போட்டுட்டேன் போலகீது."

"ஒம்பொண்ணு அங்க படம் போடுது, நீ இங்க உப்பு போடு." வள்ளி உருளைக்கிழங்கை அரிந்து சாம்பாரில் கொட்டினாள். பிள்ளைகள் அன்று இரண்டு மடங்கு தண்ணீர் குடித்தன.

அவர்கள் இருட்டியபின் வந்தார்கள். அருணா முகம் கழுவப் போனதும் ஆதிமூலம் சொன்னார். ஒரு வாளி, ஒரு துணி, நாலு வெங்காயம் வைத்து வரையச் சொன்னார்களாம். அது நன்றாகப் போயிற்றாம். மற்ற பிள்ளைகளெல்லாம் ஜிப் வைத்த கறுப்புப் பையில் படம் கொண்டுவந்திருந்தார்களாம். "நம்மளுது பொடவ பொட்டி. சரவணா கிரவணான்னு கடப் பேரு எதுவும் எழுதல, அதுவரிக்கும் சரி."

"மஞ்சளப் பத்திக் கேட்டாங்களா?"

"கேட்டாங்களாம். ஒர்த்தரு இது இன்னாம்மா எல்லாத்துலயும்னு கேட்டாராம். எங்க ஊட்ல வெளிய போற காயிதத்துக்கெல்லாம் எங்கம்மா வைப்பாங்கன்னு சொல்லிட்டு வந்துட்டா. ஒரு அம்மா சிரிச்சாங்களாம். இன்னொருத்தரு ஒண்ணும் சொல்லாம எழுதிக்கினாராம்."

"இன்னா எழுதினாரு?"

"அத்த எப்டி பாக்கறது? டிக்கெட்டா, திருப்பிப் பாக்கறதுக்கு?"

அந்த 'எழுதிக்கொண்டது' கஸ்தூரியை மூன்று வாரம் தூங்கவிடவில்லை. பதிலை எதிர்பார்த்து அருணா ஒவ்வொரு பகலும் தபால்காரர் சைக்கிள் போகும்வரை வாசலிலேயே இருந்தாள். ஒரு படமும் வரையவில்லை. கஸ்தூரி அவளுக்கு முதுகு காட்டி அடுப்பில் நிற்கும்போதெல்லாம், யாராவது பின்னால் நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தாள். இல்லை.

ஜூலை நடுவில் ஒரு வியாழக்கிழமை கடிதம் வந்தது. காத்திருப்போர் பட்டியலில் முதல் பெயர் அருணாதேவி. இடம் கிடைத்தவர்களில் ஒருவர் அடுத்த புதன்கிழமைக்குள் சேராவிட்டால் அவளைக் கூப்பிடுவார்கள். ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கக் கடைசி நாளும் அந்தப் புதன்தான்.

ஆதிமூலம் கடிதத்தை இரண்டு தடவை படித்தார். "இது ஸ்டாண்டிங்லே போற மாதிரிதான். விக்கிரவாண்டியில எவனாச்சும் எறங்குவான். எறங்கினா ஒக்காந்துக்கலாம்." மகளைப் பார்த்துத்தான் சொன்னார். பயிற்சிக் கல்லூரி விண்ணப்பத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு, நிரப்பாமல் அங்கேயே திரும்ப வைத்தார். "நான் உட்ட வார்த்த உட்டதுதான். புதன் வரிக்கும் பாப்போம்."

மறுநாள் வெள்ளிக்கிழமை. கஸ்தூரி குளித்துவிட்டு, விளக்குகளுக்குப் பொட்டு வைத்து, மஞ்சள் கிண்ணத்தோடு உள்ளறைக்கு வந்தாள். கோயிலுக்குக் கட்டுகிற புடவையை எடுக்கத்தான் வந்தாள். அருணா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். கடிதம் மடியில் விரித்தபடி இருந்தது.

"கோயிலுக்காம்மா?"

"ஆமா."

"இதுக்கு மஞ்ச வைக்கலையா?"

கஸ்தூரி கடிதத்தைப் பார்த்தாள். "அது வந்த காயிதம்தான. போற காயிதத்துக்குத்தான்."

"அன்னிக்கி அம்மன் கால்ல வச்சப்போ என்னா வேண்டிக்கின?"

"நல்லதுதான் வேண்டிக்குவாங்க."

"யாருக்கு நல்லது?"

குரலில் கோபம் இல்லை. பறங்கிக்காயின் நிழல் எந்தப் பக்கம் விழுகிறது என்று பார்க்கிற மாதிரி அவள் அம்மாவின் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கஸ்தூரி பீரோவைத் திறந்து, கையில் வந்த புடவையை எடுத்தாள். அது கோயிலுக்குக் கட்டுவதில்லை. அதைத் திரும்ப வைத்துவிட்டு இன்னொன்றை எடுத்தாள்.

"புதன்கிழமைக்குள்ள ஒருத்தர் வராம இருக்கணும்மா. அவ்ளோதான். இன்னிக்கி போறியே, என்னான்னு கேப்ப? சொல்லிட்டுப் போ."

ஜன்னலுக்கு வெளியே பச்சையம்மாள் யாரையோ திட்டிக்கொண்டிருந்தாள். சமையலறையிலிருந்து பால் பொங்கும் வாசனை வந்தது. அன்றைக்குச் சந்நிதியில் பாதியில் நின்றது மறுபடியும் நாக்கு நுனிவரை வந்தது. கஸ்தூரி புடவையைத் தோளில் போட்டுக்கொண்டாள். மஞ்சள் கிண்ணத்தைக் கட்டில் ஓரத்திலேயே விட்டுவிட்டு, அறையை விட்டு வெளியே போனாள்.