அல்லித் தொட்டியில் நாலு விரல் தண்ணீர்

மயிலாடுதுறைப் பக்கத்துக் குத்தாலத்தில் ஒரு வீட்டில் தண்ணீர் குறைகிறது என்று சொன்னால் வெளியூர்க்காரர்கள் சிரிப்பார்கள். எங்கள் கொல்லைக்குப் பின்னால் வாய்க்கால், அதைத் தாண்டினால் வயல். குறைந்துபோனது என் வீட்டுத் தொட்டித் தண்ணீராக இல்லாதிருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

பள்ளிக்கூடத்தில் இயற்பியல் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற கையோடு, வாசல் தோட்டத்தில் ஒரு அல்லித் தொட்டி கட்டினேன். முழங்கால் உயரத்துக்கு வட்டமாகச் செங்கல் சுவர், நடுவில் சின்ன மோட்டார் வைத்து ஒரு நீரூற்று, ஐந்து மீன்கள். யோசனை என் மனைவியுடையது. ஃபோனில் யார் வீட்டு நீரூற்றையோ பார்த்துவிட்டு, "அந்தச் சத்தம் கேட்டா மனசு அமைதியாயிடுமாம்" என்றாள். தை மாதம் கட்டி முடித்தோம். மனசும் அமைதியாகத்தான் இருந்தது, சித்திரை வரைக்கும்.

சித்திரையில் ஒரு காலை எழுந்து பார்த்தால், தண்ணீர் விளிம்பிலிருந்து நாலு விரல் இறங்கியிருந்தது. மாலையில் நிரப்பினேன். மறுநாளும் நாலு விரல். ஒரு வாரம் இப்படியே போயிற்று.

"வெயில்ல ஆவியா போயிருக்கும். இதுக்குப் போயி மூஞ்சியைத் தூக்கி வச்சிக்கிட்டு" என்றாள் மனைவி.

"சாயங்காலம் ரொப்புறேன், காலையில இல்லை. ராத்திரியில ஏது வெயில்?"

அத்தோடு விட்டிருக்கலாம். சகலையிடம் ஃபோனில் சொல்லித் தொலைத்தேன். அவர் என் மனைவியின் அக்கா கணவர், சீர்காழியில் இருக்கிறார். ஆறு, வாய்க்கால், மதகு என்று அரசாங்க உத்தியோகத்தில் முப்பது வருஷம் தண்ணீரோடு மல்லுக்கட்டியவர். ஓய்வு பெற்ற பிறகு மல்லுக்கட்ட எதுவும் கிடைக்காமல் இருந்தார்.

"எதையும் தொடாதீங்க. நான் வர்றேன்" என்று வைத்துவிட்டார்.

முதல் பஸ்ஸில் வந்து இறங்கினார். பையில் டேப், சாக்பீஸ், ஒரு நோட்டு, முழங்கால் வரை ஏறும் ரப்பர் பூட்ஸ். முழங்கால் உயரத் தொட்டிக்கு எதற்கு பூட்ஸ் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. போட்டுக்கொண்டு தொட்டியை மூன்று முறை சுற்றினார்.

"அத்தான் ஒன்பது சுத்து முடிச்சதும் விபூதி குடுக்கணுமா?" என்று மனைவி என் காதில் கேட்டாள்.

சாயங்காலம் நான் வழக்கம்போலத் தொட்டியை ரொப்பியதும், முதலில் வாளிச் சோதனை. ஒரு வாளியில் தண்ணீர் நிரப்பி, தொட்டிக்குள்ளேயே செங்கல் மேல் வைத்தார். வாளியிலும் தொட்டியிலும் நீர்மட்டத்தில் சாக்பீஸால் கோடு. வெயிலும் காற்றும் இரண்டுக்கும் ஒன்றுதானே, ஆவியாகிறதென்றால் இரண்டும் ஒரே அளவு குறைய வேண்டும். நியாயமான சோதனை. மறுநாள் காலை வாளியில் நூலளவு குறைந்திருந்தது. தொட்டியில் நாலு விரல்.

"ஆவி இல்லை சகலை. கசிவு!" என்று கல்யாணச் செய்தி மாதிரி சொன்னார்.

நீரூற்று மோட்டாரை நிறுத்தி ஒரு நாள் பார்த்தோம். அப்போதும் நாலு விரல். உடனே அவர், "மஞ்சப்பொடி இருக்காம்மா?" என்று சமையலறைப் பக்கம் குரல் கொடுத்தார். தண்ணீருக்கு நிறம் கொடுத்தால் எங்கே போகிறது என்று தெரிந்துவிடுமாம். மீன்களை எதில் விடுவது என்று தேடி, இட்லிக் குண்டானில் விட்டோம். அன்றிலிருந்து மூன்று நாள் எங்கள் வீட்டில் உப்புமாதான்.

கால் கிலோ மஞ்சள் தொட்டிக்குள் போனது. சாயங்காலம் அந்தப் பக்கம் போன இரண்டு பெண்கள் செருப்பைக் கழற்றிவிட்டு, மஞ்சள் தண்ணீரைப் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். "என்ன வேண்டுதலுங்க?" என்று ஒருத்தி கேட்டாள். "கசிவு நிக்கணும்" என்றார் சகலை. அந்தம்மா என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "சரியாயிடும் சார், கவலைப்படாதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

மறுநாள் காலை கொல்லையிலிருந்து மனைவி கத்தினாள். "வாழைக்கு மஞ்சத்தண்ணி யாரு ஊத்துனது?"

ஓடிப் பார்த்தோம். வாழைக்குழி மஞ்சளாக இருந்தது. சகலை உட்கார்ந்து அந்தச் சேற்றைத் தொட்டு முகர்ந்தார். கண் பளபளத்தது.

"பெருச்சாளி வளை. தொட்டிக்கு அடியில ஆரம்பிச்சு, உங்க வீட்டுக்கு அடியாலயே வந்து, இங்க திறக்குது."

வளை போகும் பாதையை வீட்டுக்குள் சாக்பீஸால் வரைய ஆரம்பித்தார். கோடு வாசல்படியில் ஏறி, கூடத்தைக் கடந்து, சமையலறைக்குள் நுழைந்தது.

"இந்தக் கோட்டோட உடைச்சா பிடிச்சிடலாம்."

"அத்தான், அங்க ஃபிரிட்ஜ் இருக்கு. கொஞ்சம் வளைச்சுப் போடுங்களேன்" என்றாள் மனைவி.

நம்புங்கள், அவர் வளைத்துப் போட்டார். பெருச்சாளி ஃபிரிட்ஜுக்கு மரியாதை கொடுத்து ஒதுங்கிப் போனதாக ஆனது. நானும் பக்கத்தில் நின்று டேப்பின் மறுமுனையைப் பிடித்துக்கொண்டிருந்தேன்.

கொத்தனார் கடப்பாரையோடு வந்தார். தொட்டி கட்டிய அதே கொத்தனார்தான். தன் வேலையில் கசிவு என்றதும் முகம் சுருங்கிவிட்டது. கூடத்துக் கோட்டைப் பார்த்தார், எங்கள் இருவரையும் பார்த்தார், வெளியே போய்த் தொட்டியருகில் நின்றார்.

"சார், இந்த ஓஸ் பைப்பு எதுக்கு உள்ள கெடக்கு?"

"தண்ணி ரொப்பத்தான். கொல்லைக் குழாயிலேர்ந்து வருது. துள்ளி வெளியே வராம இருக்க மேலே கல்லு வச்சிருக்கேன்."

"ரொப்பினதும்?"

"குழாயிலேர்ந்து கழட்டிடுவேன். அதுல பாத்திரம் கழுவணும்ல."

"கழட்டி?"

"வாழைக்குழியில போ..."

வாக்கியம் பாதியில் நின்றுவிட்டது. முன்பெல்லாம் நிரப்பியதும் ஓஸைச் சுருட்டி வைத்துவிடுவேன். சித்திரையில் தோள்வலி வந்ததிலிருந்து அப்படியே விட்டுவிட்டேன். ஒரு முனை மேலே தொட்டிக்குள், மறுமுனை கீழே பள்ளத்தில், ஓஸ் நிறையத் தண்ணீர். தொட்டித் தண்ணீர் தானாகவே பள்ளத்துக்கு இறங்கிக்கொண்டிருக்கும். இதைக் கரும்பலகையில் படம் போட்டு, எத்தனை வருஷம் எத்தனை பிள்ளைகளுக்கு நடத்தியிருக்கிறேன்! சகலையோ வாய்க்காலுக்கு அடியில் வாய்க்கால் போகும் சைபன்களையே காவல் காத்தவர்.

கொத்தனார் ஓஸைக் குழாயில் மாட்டித் தொட்டியை நிரப்பினார், கழற்றினார், வாழைக்குழியில் போட்டார். மஞ்சள் தண்ணீர் நிதானமாக ஓடியது. நாங்கள் மூவரும் வரிசையாக நின்று பார்த்துவிட்டு, வாசலுக்குத் தொட்டியருகில் வந்தோம். தொட்டியில் நாலு விரல் இறங்கியதும் ஓஸின் வாய் வெளியே தெரிந்து, கொர்ரென்று ஒரு சத்தம். நின்றுவிட்டது.

"பரீட்சையில இதை எழுதுன பிள்ளைகளுக்கு நீங்க மார்க்கு போட்டீங்களா, இல்லையா?" என்றாள் மனைவி.

நான் ஓஸைச் சுருட்ட ஆரம்பித்தேன். சகலை பூட்ஸைக் கழற்றிக்கொண்டிருந்தார்.

போன மாதம் மயிலாடுதுறையில் ஒரு கல்யாணம். பந்தியில் எனக்கு எதிரே சகலை, சுற்றிலும் அவருடைய பழைய ஆபீஸ் நண்பர்கள். "சகலை வீட்டுல தண்ணி காணாமப் போயிட்டே இருந்துது. நான் போய் மூணே நாள்ல கண்டுபிடிச்சேன்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். கதையில் கொத்தனார் இல்லை. ஓஸ் பைப்பு இருந்தது, ஆனால் அதைப் போட்டது யார் என்பதில் மட்டும் அவர் மிகத் தெளிவாக இருந்தார்.

நண்பர்கள் என் பக்கம் திரும்பி, "அப்படியா சார்?" என்றார்கள்.

வாய் நிறையப் பாயசம். தலையை ஆட்டினேன்.