சுரூபக் கூட்டுக்குள் இருந்த தூள்

மகள் அனுப்பிய குப்பி என் சின்னவிரல் நுனியளவுதான் இருந்தது. உள்ளே ஒரு கிள்ளு வெள்ளைத் தூள். அவள் வெளிநாட்டில் ஓர் ஆய்வுகூடத்தில் படித்துக்கொண்டே வேலை செய்கிறாள். கொம்பியூட்டரில் கிடக்கிற எழுத்தைத் தூளாக்கிச் சேமிக்கிற வேலை. எங்கள் எழுவைதீவுக்கு வந்த ஒருவரிடம் குப்பியைக் கொடுத்து விட்டிருந்தாள்.

“இது என்ன பிள்ளை, மருந்தோ?” என்று போனில் கேட்டேன்.

“இல்லையப்பா. மீன் சதையிலை புரதம் இருக்கெல்லோ? அதின்ரை சின்னச் சின்னத் துண்டுகளை மணி கோக்கிற மாதிரிக் கோத்தது. எந்த மணிக்குப் பக்கத்திலை எந்த மணி நிக்குது எண்டதுதான் எழுத்து.”

“அப்ப நனையப்படாது.”

“ஓமோம். கருவாடு மாதிரித்தான்.”

குளிர் அறையில் அது கெடாது என்பது அவளுக்குத் தெரியும். பிரிட்ஜ் இல்லாமல், எங்கள் வெக்கையிலும் உப்புக் காற்றிலும் ஒரு வருசம் கிடந்த பிறகும் வாசிக்க முடியுமா என்பதுதான் தெரியவேண்டும். அதைக் காட்டினால்தான் படிப்பு முடியும். தவறினால் இன்னொரு வருசம் காத்திருக்க அங்கே அவளுக்கு அனுமதி இல்லை.

அதில் என்ன எழுதுவது என்று முன்னமே என்னிடம் கேட்டிருந்தாள்.

“கனக்க எழுத ஏலாதப்பா. சின்னதாய்ச் சொல்லுங்கோ.”

“சாப்பிட்டியோ எண்டு எழுது.”

“அவ்வளவுதானோ?”

“வேறை என்ன இருக்கு?”

எங்கள் வீட்டில் ஒருவரும் கை வைக்காத இடம் சுரூபக் கூடுதான். கண்ணாடிக் கதவு உண்டு. மழை ஒழுக்கும் அந்தப் பக்கம் வராது. மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில், மடு மாதா கோயிலில் அள்ளி வந்த புனித மண் போட்டிருந்த போத்தலோடு குப்பியை வைத்தேன். என் மனிசியிடம், “மகள் அனுப்பினது. பத்திரம்,” என்று சொன்னேன். அவள் தலையாட்டினாள்.

மகள் சொன்ன வருசம் முடியச் சில கிழமைகள் இருக்கும்போது புதுப் படகு இறக்கினோம். சுவாமியார் வந்து ஆசீர்வதித்துப் போனார். எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். படகு முதன்முதல் தண்ணீரில் இறங்க முன்னம், அதன் முன்பக்கத்தில் மடு மண் தூவவேண்டும். மனிசிதான் தூவினாள். தூவிவிட்டுச் சிலுவை போட்டபோது அவள் கையில் இருந்த குப்பியைக் கண்டேன்.

“என்னத்தைத் தூவினனீர்?”

“மடு மண் முடிஞ்சுது. பிள்ளை அனுப்பினதைத் தூவினன். அங்கத்தைப் பெரிய கோயில் மண்ணெல்லோ?”

“உமக்கு ஆர் சொன்னது?”

“சுரூபத்துக்குப் பக்கத்திலை வைச்சது ஆர்? வாயைத் திறந்து வேறை ஏதும் சொன்னனீங்களோ?”

சொல்லவில்லைத்தான். அது மண் இல்லை, மகளின் படிப்புக்கு எழுத்து வைத்த தூள் என்று இப்போது சொன்னேன். நின்ற சனம் முழுக்கக் கேட்டது. மனிசியின் தம்பி படகைத் தட்டிப் பார்த்தான்.

“அப்ப இது படிச்ச படகு, அத்தான். இனி எங்களோடை கதைக்காது.”

எல்லோரும் சிரித்தார்கள். மனிசி அழுதாள். நான் குப்பியை வாங்கி வெயிலுக்குப் பிடித்துப் பார்த்தேன். அடியில் கொஞ்சம் ஒட்டிக் கிடந்தது. இறுக்கி மூடினேன். அந்த இடத்திலேயே மகளுக்குப் போன் எடுத்தேன்.

“கொம்மா உன்ரை தூளைப் படகுக்குத் தூவிப்போட்டா.”



“முழுக்கவோ?”

“அடியிலை ஒரு உப்புக்கல்லு அளவு கிடக்கு.”

“நனைஞ்சதோ?”

“இல்லை.”

“அப்ப அது காணும். வாசிக்கப் போதும்.”

“பாதி எழுத்துப் போயிருக்காதோ?”

“இல்லையப்பா. ஒவ்வொரு பொட்டுத் தூளிலையும் முழு வசனமும் எண்ணேலாத தரம் எழுதிக் கிடக்கு. அம்மாவை அழவேண்டாமெண்டு சொல்லுங்கோ. எனக்கு வெக்கைதான் பயம்.”

“கெடாது,” என்றேன். ஒரு மாரி முழுக்க அந்தக் கூட்டுக்குள் ஒரு துளி ஈரம் போகவில்லை. அது எனக்குத் தெரியும்.

நாள் வந்ததும் குப்பியை அனுப்பப் போனோம். ஊர்காவற்றுறைத் துறை வரைக்கும் மனிசி அதை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். என்னைக்கூடத் தொட விடவில்லை.

பிறகு நான் வழக்கம்போலத் தொழிலுக்குப் போனேன். படகு நன்றாக ஓடியது. மனிசி மட்டும் நான் கரைக்கு வரும்போதெல்லாம், “பிள்ளை எடுத்தவளோ?” என்று கேட்டாள். மீனைப் பற்றிக் கேட்கவில்லை.

ஒரு நாள் மத்தியானம் எடுத்தாள். போன் திரையில் வெள்ளைக் கோட்டோடு நின்றாள். அதை எடை போட்டுத்தான் வாசிக்கிறதாம். உடைத்து, துண்டு துண்டாக நிறுத்து, எந்த மணி எங்கே நின்றது என்று பிடிக்கிறதாம். சில மணிகள் வெக்கையில் சிதைந்து போயிருந்தன. அப்படி நடக்கும் என்று முன்னமே மேலதிகமாகக் கோத்து வைத்திருந்தவற்றால் அந்த ஓட்டைகளை அடைத்திருந்தார்கள்.

“வந்திட்டுதப்பா. ஒரு எழுத்தும் பிழைக்கேல்லை.”

“என்னெண்டு வந்தது?”

“உங்களுக்குத் தெரியாதோ?”

“நீ வாசி.”

“சாப்பிட்டியோ,” என்று வாசித்தாள்.

அதில் என்ன எழுதியிருக்கிறது என்று மனிசிக்கு நான் சொல்லியிருக்கவில்லை. என் தோளுக்கு மேலால் போனுக்குள் எட்டிப் பார்த்தாள்.

“நாங்கள் சாப்பிட்டம். நீ சாப்பிட்டியோ பிள்ளை?”

“இன்னும் இல்லையம்மா. விடியவிருந்து இதோடைதான் நிக்கிறன்.”

“அப்ப போனை வைச்சிட்டுப் போய்ச் சாப்பிடு,” என்றேன்.

வைத்தாள்.