நாலாவது பலகை: அரூரிலிருந்து ஒகேனக்கல் வரை

அரூரில் விடியற்காலை முதல் பஸ்ஸைப் பிடித்தோம். தர்மபுரி வரை நாற்பது கிலோமீட்டர். பஸ் கிளம்பியதும் பின் சீட்டிலிருந்து அத்தா குனிந்து கேட்டார்.

"வார்த்தை ஆட்டமுன்னா வாயால சொல்றதா, எழுதறதா?"

"கட்டைய அடுக்கறது அத்தா. வூட்ல நானும் அண்ணனும் ஆடுவோமே."

"அந்த சில்லு வெளையாட்டா? அதுக்கா மலேசியாவுல இருந்து ஆளுங்க வர்றாங்க?"

நான் அஞ்சாவது வரைதான் படித்தேன். தையல் மிஷினில் ஜாக்கெட் தைக்கிறேன். என் அண்ணன் ஜமால் தர்மபுரியில் பேங்க் கிளார்க். ஞாயிறானால் பெங்களூர் போய் ஒரு கிளப்பில் இங்கிலீஷ் எழுத்துக் கட்டைகளை அடுக்கி ஆடுவான். மற்ற நாட்களில் ஆட ஆள் வேண்டுமே, அதனால் எனக்குக் கற்றுக்கொடுத்தான். ஒரு வார்த்தைக்கும் எனக்கு அர்த்தம் தெரியாது. ஆனால் எது உண்டு, எது இல்லை என்று தெரியும். மளிகைக்கடைப் பையன் சாமான் இருக்கிறதா என்று சொல்வது போல.

மஞ்சள் காமாலை வந்து ஜமால் இறந்து இரண்டு மாதம் ஆகப்போகிறது. நாற்பதாம் நாள் பாத்திஹா ஓதியபோது அவனுடைய அணித் தலைவர் நாகராஜ் சார் பெங்களூரிலிருந்து வந்திருந்தார். மலேசிய அணியோடு மூன்று நாள் போட்டி, அணிக்கு நாலு பேர், ஜமாலின் பெயரை முன்பே கொடுத்துவிட்டோம் என்றார். முதல் இரண்டு நாள் பெங்களூரில். அந்த இரண்டு நாளும் மூன்று பேரே ஆடுவார்கள், நாலாவது பலகை தானாகவே தோல்வி. கடைசி நாள் மட்டும், விருந்தாளிகளுக்கு அருவி காட்டுவதற்காக, ஒகேனக்கல்லில். "நீ நல்லா ஆடுவேன்னு அவன் சொல்லியிருக்கான். அங்க மட்டும் வந்து கூத்துக்கோம்மா. அவங்களும் ஒப்புக்கிட்டாங்க. அவன் சேர் காலியா இருந்தா பார்க்க முடியலம்மா." கன்னடக்காரர், உட்காருவதற்கு அவர் அப்படித்தான் சொல்வார்.

தர்மபுரியில் இட்லி சாப்பிட்டுவிட்டு ஒகேனக்கல் பஸ். பென்னாகரம் தாண்டியதும் ரோடு காட்டுக்குள் இறங்குகிறது. வளைவுக்கு வளைவு குரங்குகள். முன்னால் ஒரு அம்மா வாந்தி எடுத்துக்கொண்டே வந்தார். பஸ்ஸை விட்டு இறங்கினால் முதலில் வருவது தண்ணீர்ச் சத்தமில்லை, மீன் வறுக்கிற வாசனை. ஒரு தட்டு இரண்டு ரூபாய். மாசி மாதம், தண்ணீர் குறைவு. பாறைகள் கறுப்பாக முதுகு காட்டிக்கொண்டிருந்தன. பரிசல்காரர்கள் மலேசியக்காரர்களை மொய்த்துக்கொண்டு நின்றார்கள்.

அங்கேதான் மாணிக்கம் ஐயாவைப் பார்த்தேன். மலேசிய அணிக்காரர். அறுபது வயதிருக்கும், அங்கே ஈப்போ என்ற ஊரில் வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். தாத்தா காலத்தில் திருச்சிப் பக்கமிருந்து போன குடும்பமாம். மீன் தட்டை என் பக்கம் நீட்டினார்.

"நீதான் ஜமால் தங்கச்சியா? ரெண்டு நாளா அவன் பேரு எழுதுன அட்டைய எதிர்ல வெச்சிக்கிட்டு சும்மா உக்காந்திருந்தேம்மா. போன வருசம் பெங்களூர்ல என்னைய ஓட ஓட விரட்டுனான். நல்ல பையன்."

அண்ணனைப் பற்றி வெளியாள் ஒருவர் அப்படிச் சொல்லி நான் கேட்டதில்லை. மீனை வாயில் வைக்க முடியவில்லை.

சுற்றுலா விடுதி ஹாலில் பத்து மணிக்கு ஆட்டம். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போனேன். போன பிறகுதான் கவனித்தேன், எல்லோரும் பூட்ஸோடு இருந்தார்கள். திரும்பிப் போய்ப் போட்டுக்கொள்ள வெட்கம். வெறுங்காலைப் பாவாடைக்குள் இழுத்துக்கொண்டு ஜமாலின் நாற்காலியில் உட்கார்ந்தேன். எதிரே மாணிக்கம் ஐயா. அத்தா பின்வரிசையில், தொப்பியைச் சரிசெய்தபடி.

இந்த ஆட்டத்தில் ஒரு விதி உண்டு. எதிராளி வைத்த வார்த்தை மேல் சந்தேகம் வந்தால் கை தூக்கலாம். நடுவர் வந்து அகராதி பார்ப்பார். இல்லாத வார்த்தையென்றால் வைத்தவர் கட்டைகளைத் திரும்ப எடுத்துக்கொள்ள வேண்டும், மார்க் கிடையாது. இருக்கிற வார்த்தையென்றால், கை தூக்கியவருக்கு அடுத்த முறை ஆடுகிற வாய்ப்பு போச்சு. ஜமால் வேண்டுமென்றே பொய் வார்த்தை வைத்து என்னைப் பழக்குவான். நான் சும்மா இருந்தால் தலையில் குட்டுவான். "கை தூக்குடி! அண்ணங்காரன்னா என்ன வெச்சாலும் சரின்னுடுவியா?"

நன்றாகவே ஆடினேன். அதைச் சொல்லவும் கூச்சமாக இருக்கிறது. ஒரு தடவை கையிலிருந்த ஏழு கட்டையையும் ஒரே மூச்சில் இறக்கினேன், ஐயா "அட!" என்றார், நான் சத்தமாகச் சிரித்துவிட்டேன். அண்ணன் போய் இரண்டு மாதம்கூட முழுசாக முடியாமல், அவன் நாற்காலியில் உட்கார்ந்து சிரிக்கிறேனே என்று உடனே முந்தானையை வாயில் வைத்துக்கொண்டேன்.

மற்ற மூன்று பலகையும் முடிந்துவிட்டன. இரண்டில் நாங்கள் ஜெயித்தோம், ஒன்றில் தோற்றோம். என் பலகையும் ஜெயித்தால் கோப்பை எங்களுக்கு. இல்லாவிட்டால் முன் இரண்டு நாள் கணக்கில் அவர்களுக்கு. எல்லோரும் என் நாற்காலியைச் சுற்றி நின்றார்கள். நான் முன்னால் இருந்தேன்.

அப்போது ஐயா ஒரு வார்த்தை வைத்தார். எனக்குத் தெரிந்த வார்த்தை. ஜமால் என்னை ஏமாற்ற வைப்பானே, அதே பொய் வார்த்தை. எந்த அகராதியிலும் கிடையாது. அதற்காக நான் எத்தனை குட்டு வாங்கியிருக்கிறேன்.

கை மடியிலேயே கிடந்தது. தூக்கினால் நடுவர் வருவார். இத்தனை பேர் முன்னால் இந்தப் பெரிய மனுஷர் கட்டைகளைப் பொறுக்கி எடுத்துக்கொள்ள வேண்டும். காலையில் மீன் கொடுத்தவர். என் அண்ணனை நல்ல பையன் என்று சொன்னவர். கடல் தாண்டி வந்தவரைப் பார்த்து, நீங்கள் வைத்தது பொய் என்று எப்படிச் சொல்வது? நான் என் அடுத்த கட்டைகளை அடுக்க ஆரம்பித்தேன்.

அந்த ஒரு வார்த்தையில்தான் அவர் என்னைத் தாண்டினார். ஒன்பது மார்க்கில் தோற்றேன்.

எல்லோரும் வந்து கை குலுக்கினார்கள். நாகராஜ் சார், "பரவால்லம்மா, நீ வந்ததே பெருசு" என்றார். அந்தப் பரவாயில்லைதான் தாங்க முடியவில்லை. சாப்பிடப் போகும்போது ஐயா என்னை நிறுத்தினார்.

"அந்த வார்த்தை இல்லேன்னு உனக்குத் தெரியும்தானே? உன் கண்ணு அங்கேயே நின்னுச்சு."

"தெரியும்ங்க."

"அப்புறம் ஏம்மா கை தூக்கல?"

"பெரியவங்க... எப்பிடிங்க..."

"ஆட்டத்துல அப்படி வெக்கிறது தப்பில்லம்மா. எதிராளி கை தூக்குவானா மாட்டானான்னு பார்த்துத்தான் வெப்போம். நீ தூக்க மாட்டேன்னு தெரிஞ்சுது. உன் அண்ணன் உக்காந்திருந்தா வெச்சிருக்க மாட்டேன்."

வாசலில் என் செருப்பு மட்டும் தனியாகக் கிடந்தது. அருவியைப் பார்க்காமலே பஸ் ஏறினேன். அருவி எப்படி இருந்தது என்று கேட்பவர்களுக்குச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

திரும்பும் பஸ்ஸில் கூட்டமில்லை. அத்தா என் பக்கத்தில் உட்கார்ந்தார். டிக்கெட் கிழித்துக்கொண்டே கண்டக்டர் கேட்டார், "என்னா பாய், குடும்பத்தோட குளியலா?"

"குளிக்கவா வந்தோம்? எம்பொண்ணு மலேசியாக்காரங்களோட இங்கிலீஷ்ல ஆடி ஜெயிச்சிட்டு வர்றா! அத்தினி பேரும் எந்திரிச்சு வந்து கை குடுத்தாங்க, பாத்தீங்களா!"

"அப்பிடிப் போடு!" என்றார் கண்டக்டர். வாந்தி அம்மாவும் இதே பஸ்ஸில்தான் திரும்புகிறார், அவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்தார். பெண்பிள்ளையாக அடக்கமாக அப்படியே இருந்துவிடலாம். யாரும் அகராதி கொண்டுவரப் போவதில்லை. காட்டு வளைவில் பஸ் சாய்ந்தபோது கம்பியைப் பிடிக்க என் கை மேலே போயிருந்தது. இறக்காமலே சொன்னேன்.

"இல்ல அத்தா. தோத்துப் போச்சு. மத்தவங்க ஜெயிச்சாங்க, என்னாலதான் போச்சு."

கண்டக்டர் மெதுவாக முன்னால் நகர்ந்துவிட்டார். அத்தாவின் முகம் சுருங்கியது. இத்தனை பேர் முன்னால் அவரைப் பொய்யராக்கிவிட்டேன். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பென்னாகரத்தில் முறுக்கு விற்கிற பையன்கள் ஏறி இறங்கிய பிறகு, ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டார்.

"ஜமாலு இருந்திருந்தா?"

"ஜெயிச்சிருப்பான் அத்தா. அவன் எதிர்ல அந்த ஐயா அந்த வார்த்தைய வெச்சிருக்கவே மாட்டாராம். அவரே சொன்னாரு."

அத்தா தொப்பியைக் கழற்றி முழங்கால் மேல் வைத்துக்கொண்டார்.

"அவ்ளோ நல்லா ஆடுவானா அவன்?" என்றார். "சில்லு வெளையாட்டுன்னு எத்தன நாளு திட்டியிருப்பேன்."

அரூர் வர இன்னும் இரண்டு மணி நேரம் இருந்தது. அவன் எப்படி ஆடுவான் என்று, முதல் கட்டையிலிருந்து சொல்லிக்கொண்டே வந்தேன்.